கால் மணிக்கு ஒரு பிங்

"அம்ஜத், நீங்க சீட்டில இல்ல."

போனைக் காதில் வைத்தபடி அம்ஜத் குனிந்து தன்னை ஒருதரம் பார்த்துக்கொண்டான். நாற்காலியில்தான் இருந்தான்.

"இருக்கிறன் சேர்!"

"உங்கட கொம்பியூட்டர் பிங்குக்குப் பதில் சொல்லல்ல. இதோட மூணு தரம். ஆறு ஆனா வேலை நிரந்தரமாகாது. என்னைப் பாருங்க, கொழும்பு ஒபிசில எட்டரைக்குக் குந்தினா அஞ்சரைக்குத்தான் எழும்புவன்."

மேலாளர் சிவதர்ஷனை அம்ஜத் நேரில் கண்டதில்லை. கொழும்புக்கு வெகுதூரத்தில், காத்தான்குடியில், மனைவி வீட்டு அறையில் இருந்தபடி செய்கிற வேலை அது. ஒவ்வொருவருடைய கணினிக்கும் கொழும்பிலிருந்து கால் மணிக்கு ஒரு பிங், இருக்கிறாயா என்று கேட்கும் சின்னச் சமிக்ஞை, வரும். பதில் போனால் ஆள் இருக்கிறார், போகாவிட்டால் ஆள் இல்லை. அவ்வளவுதான் அவர்கள் சட்டம்.

வேலை போனால் கட்டார்தான். மாமனார் அப்துல் கபூர் விசாவுக்கு ஆள் பிடித்துத் தயாராக வைத்திருந்தார். மனைவி றுக்ஷானாவுக்கோ எட்டாம் மாதம். பிள்ளை பிறக்கும்போது பக்கத்தில் நிற்கவேண்டும், அம்ஜத்துக்கு வேறு ஆசையே இல்லை.

கணினிக்குக் காவல் நிற்கும் பயர்வோலைத் திறந்து, பிங்கை உள்ளே விடும் விதியைத் தேடிப் பிடித்து இயக்கினான். பலனில்லை. அந்த விதி வீட்டு நெட்வேர்க்குக்கு மட்டும். கல்யாணமாகி வந்த முதல் நாள், இது வீடா பொது இடமா என்று கணினி கேட்டபோது, மாமனார் வீட்டைத் தன் வீடு என்று சொல்லக் கூச்சப்பட்டு, பொது இடம் என்று அழுத்தியவன் அவனேதான்.

அது ஞாபகம் வராமல், பயர்வோலையே அடியோடு நிறுத்தினான். பிங்குக்குப் பதில் போனது. ஐந்தே நிமிடத்தில் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருள், ஆபத்தான கணினி என்று அவனை வெளியே தள்ளியது.

"நாலு," என்றார் சிவதர்ஷன். அப்போதுதான் அம்ஜத்துக்கு அந்தப் பொது இடம் ஞாபகம் வந்தது.

றுக்ஷானா எட்டிப் பார்த்தாள். "என்னங்க, இப்பிடி வேர்த்துக் கொட்டுது?"

"இது எங்கட வீடு எண்டு கொம்பியூட்டருக்குச் சொல்லணும்."

"சொல்லுங்களன். வாப்பா வீட்டை என்ட பேர்ல எழுதிட்டாரு எண்டும் சேத்துச் சொல்லுங்க."

பயர்வோலை மறுபடி இயக்கி, பொது இடத்தை வீடாக்கினான். பதில் ஒழுங்காகப் போனது. மதியம் லுஹர் தொழுதுவிட்டு வந்து பார்த்தால், கணினி தூங்கிப்போயிருந்தது.

"அஞ்சு!"

இனித் தூங்கவே கூடாது என்று கணினிக்கு உத்தரவு போட்டான். அதுதான் வினையாகிவிட்டது. இரவு பகல் பாராமல் அது பதில் சொன்னது.

பத்தாம் நாள் போன் வந்தது. கை வேலையாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டான்.

"அம்ஜத்! ஞாயிற்றுக்கிழமையும் சீட்டில இருந்திருக்கிறீங்க. வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரமும் அசையல்ல! இனி உங்களோட வேலை செய்யிற மற்ற ரெண்டு பேர்ட வேலையையும் நீங்களே பாருங்க."

வாசலில் நின்ற மாமனாரின் முகம் மாறியது. "ஜும்ஆக்குப் போகலயா மருமகன்? அப்ப என்ட பக்கத்தில நிண்டு தொழுதது ஆரு?"

விளக்கம் சொல்லி முடிக்க ஒரு மணிநேரம் பிடித்தது. மூன்று பேரின் வேலை முதுகில் ஏறியதுதான் மிச்சம்.

அடுத்த நாள் காலை, விருந்தாளி வருகிறார்கள், இறால் வேண்டும் என்றார் மாமி. வேலை நேரம்தான். ஆனால் பிங்கைக் கணினி பார்த்துக்கொள்ளுமே! அந்தத் தைரியத்தில் பக்கத்து ஊர்க் கல்லடிப் பாலத்தடி மீன் கடைக்கு மோட்டார் சைக்கிளை விட்டான். மீன்கார பேர்னாட்டைச் சுற்றி ஒரே கூட்டம். அவன் இறாலைப் பொறுக்கிக்கொண்டிருக்கையில் போன் அடித்தது.

"அம்ஜத், சீட்டிலதானே?"

"சீட்டிலதான் சேர்! பக்கத்து வீட்டில டீவி, அதான் இரைச்சல்."

"இஞ்ச ஒபிசிலயும் ஏசி இரைச்சல். சத்தமாக் கதைங்க!"

"இப்ப கேக்குதா சேர்?" தொண்டை கிழியக் கத்தினான் அம்ஜத்.

"கேக்கல்ல! இன்னும் சத்தமா!"

பேர்னாட் தராசைக் கீழே வைத்தார்.

"தம்பிமாரே, ரெண்டு பேரும் முதுகோட முதுகு முட்டிக்கொண்டு நிண்டு போன்ல கத்துறீங்களே, திரும்பி நிண்டு கதைச்சா என்ன?"