மஞ்சள் பலூனைக் குறிவைத்தேன்

எனக்குத் துப்பாக்கி சுடத் தெரியும் என்று நான் மனதார நம்பிய காலம் ஒன்று உண்டு. அந்த நம்பிக்கைக்கு ஒரே ஆதாரம் என் செல்போன்.

நாசரேத் பக்கத்திலிருந்து வந்து, ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளைப்பாக்கம் ஹாஸ்டலில் எட்டுப் பேருக்கு ஓர் அறை. ஷிப்ட் முடிந்து வந்ததும் துணி துவைக்கிறேனோ இல்லையோ, போனில் சுடுகிற விளையாட்டைத் திறந்துவிடுவேன். ஓடுகிறவன், ஒளிகிறவன், மொட்டை மாடியில் படுத்திருக்கிறவன் எல்லாரையும் கட்டைவிரலாலேயே சாய்ப்பேன். அறையில் எனக்கு ‘குறி தப்பாத எஸ்தர்’ என்று பெயர். (வைத்தது யார் என்று கேட்காதீர்கள். நான்தான்.)

கம்பெனி ஆண்டு விழா வந்தது. மைதானத்தில் பலூன் சுடும் பலகை வைத்திருந்தார்கள். ஒவ்வொரு உற்பத்தி லைனிலிருந்தும் ஒருவர் சுட வேண்டும். எங்கள் சூப்பர்வைசர் ஸ்டெல்லா அக்கா குன்றத்தூர்க்காரர். “யாராச்சும் துப்பாக்கி புடிச்சிருக்கீங்களாடி?” என்று கேட்டார்.

“நான் தெனமும் சுடுதேன்க்கா.”

“எங்கடி?”

“போன்ல.”

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஆனால் வேறு யாரும் கை தூக்கவில்லை.

வாங்கிப் பிடித்த பிறகுதான் துப்பாக்கிக்கு எடை என்று ஒன்று இருப்பது தெரிந்தது. மூச்சை இழுத்தால் குழல் ஏறியது, விட்டால் இறங்கியது. எந்தக் கண்ணை மூடுவது என்று போனில் யாரும் சொல்லித்தரவில்லை. பின்னால் நாற்பது பெண்கள் என் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்கள். கீழ் வரிசையில், இடது ஓரத்தில் இருந்த மஞ்சள் பலூனைக் குறிவைத்தேன். பயத்தில் இரண்டு கண்களையும் மூடிக்கொண்டு விசையை இழுத்தேன்.

பலூன் வெடிக்கவில்லை. பலகைக்குப் பின்னாலிருந்து “ஐயோ அம்மா!” என்று ஓர் ஆண் குரல் வந்தது. தொடர்ந்து ஏணி சரிகிற சத்தம். அப்புறம் ஒரு சத்தமும் இல்லை.

எல்லாரும் அங்கே ஓடினார்கள். தூங்கும் குழந்தையைக் கிடத்துவதுபோல் துப்பாக்கியை மேசைமேல் வைத்தேன். நாலு பேர் யாரையோ தூக்கிக்கொண்டு போனார்கள். ஒரு கை மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. என்னைத் தாண்டிப் போன ஒருவர் இன்னொருவரிடம் சொன்னார்: “ஸ்பீக்கர் கட்ட வந்த ஆளுப்பா. போய்ட்டாரு.”

போய்ட்டாரு!

எப்படி ஓடினேன் என்று தெரியாது. கம்பெனி பஸ்ஸின் கடைசி சீட்டுக்கு அடியில் கிடந்தேன். அந்த மனிதருக்குப் பிள்ளைகள் இருக்குமோ? அப்பாவுக்கு யார் போன் போடுவார்கள்? போலீஸா, ஸ்டெல்லா அக்காவா? சாட்சிக்கு வேறு நாற்பது பேர் தயார், என் பெயரைத் தொண்டை கிழியக் கத்தியவர்கள். நெடுஞ்சாலையில் எங்கோ ஆம்புலன்ஸ் ஓலமிட்டது. அடுத்து மைக்கில், “எஸ்தர் எங்கிருந்தாலும் உடனே மேடைக்கு வரவும்” என்றார்கள். எனக்குத் தெரிந்த ஜெபமெல்லாம் மறந்துபோய், சாப்பாட்டுக்கு முன் சொல்கிற ஜெபத்தையே திரும்பத் திரும்பச் சொன்னேன்.

யாரோ பஸ்ஸில் ஏறினார்கள். காலடி ஒவ்வொரு சீட்டாக நெருங்கி வந்தது. கண்ணை மூடிக்கொண்டேன்.

“ஏய், இங்க இன்னாடி பண்ற?” ஸ்டெல்லா அக்கா.

“எக்கா, நானே சரணடைஞ்சிருதேன். அவருக்குப் பிள்ளைங்க உண்டா?”

“யாருக்கு?”

“செத்துப்போனவருக்கு.”

“எவன்டி செத்தான்?”

“போய்ட்டாருன்னு சொன்னாங்கள்லா?”

“ஆமா, ஃபர்ஸ்ட் எய்டு ரூமுக்குப் போய்ட்டாரு. எழுந்து வா!”

முதலுதவி அறையில் அந்த ஆள் குப்புறப் படுத்திருந்தார். பெயர் ஜெபராஜ், எலக்ட்ரீஷியன், பிள்ளைப்பாக்கத்துக்காரர். கையில் சுளுக்கு. ஈயக்குண்டு பட்ட இடத்தை நான் சொல்ல மாட்டேன். (உட்கார முடியவில்லை என்பது மட்டும் போதும்.)

“மன்னிச்சிருங்கண்ணே,” என்றேன். துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அவர் தலையை மட்டும் திருப்பினார். “அழாதம்மா. ஆமா, எத்த பாத்து சுட்ட?”

“மஞ்சப் பலூன்.”

“அது கீழ லெப்ட்ல கீது. நான் ரைட்ல, ஏணி மேல இருந்தேனே!” சிரிக்கத் தொடங்கியவர், வலியில் நிறுத்திக்கொண்டார்.

மறுநாள் பழம் வாங்கிக்கொண்டு அவருடைய கடைக்குப் பார்க்கப் போனேன். அதற்கடுத்த நாளும் போனேன். சுளுக்கு சரியான பிறகும் போனதற்கு என்னிடம் மருத்துவக் காரணம் எதுவும் இல்லை. இரண்டு வருடம் கழித்து ஜெபராஜ் தன் அம்மாவிடம் என்னை அழைத்துப் போனபோது, அந்த அம்மா வாசலிலேயே கேட்டார்: “இன்னாடா, சுட்டவளையே வூட்டுக்கு இட்டாந்துட்ட?”

அன்றைக்கு ‘அண்ணே’ என்று கூப்பிட்டதை என் வீட்டுக்காரர் இன்றுவரை சொல்லிக்காட்டுகிறார். செல்போனில் அந்த விளையாட்டு இல்லை. இப்போதும் எந்தக் கல்யாண வீட்டிலாவது, “உங்களுது லவ்வா, பாத்து பண்ணதா?” என்று யாராவது கேட்டால், நான் வாய் திறப்பதற்குள் அவர் முந்திக்கொள்வார்:

“பாக்காம பண்ணதுங்க.”