ஐரோப்பா போன பூட்டு

கிழக்கும் மேற்கும் எந்த இடத்தில் கைகுலுக்கிக்கொண்டன என்று நாளைக்குச் சரித்திர ஆசிரியர்கள் குடுமிப்பிடிச் சண்டை போடத்தான் போகிறார்கள். ஒருவர் ஜெனீவா என்பார், இன்னொருவர் பாரிஸ் என்பார். இரண்டு பேர் சொல்வதும் தப்பு. அந்தப் புண்ணிய ஸ்தலம் திருவண்ணாமலை பஸ் நிலையத்துக்குப் பின்னால், கரும்புச்சாறு வண்டிக்கும் வாடகை சைக்கிள் கடைக்கும் நடுவில் இருக்கிறது. நான்கு அறை கொண்ட பெண்கள் கக்கூசு அது. நான்குக்கும் சேர்த்து முன்னால் ஓர் இரும்புக் கதவு, அதில் ஒரு பித்தளைப் பூட்டு. ஆண்டு 1983.

கக்கூசு என்பது ஊர் வாயில் வழங்கும் பெயர். அதன் திருநாமம் 'இந்தோ-ஜெர்மன் மகளிர் நல்லுறவு மாளிகை'.

இந்த மாளிகையின் வரலாற்றை முதலிலிருந்து பக்கத்தில் நின்று பார்க்கும் பாக்கியம் பூக்காரி ராணியம்மாளுக்கு வாய்த்தது. பஸ் நிலையத்தின் பின்வாசலில் விடியற்காலையில் கூடையை இறக்கினால், விளக்கு வைத்த பிறகுதான் அவள் எழுந்திருப்பாள். நடுவில் எழுந்து போக இடம் ஏது? ஆண்களுக்குச் சுவர் இருந்தது. கோயில் கட்டிய ஊரில் சுவருக்கா பஞ்சம்? பெண்களுக்கு இருட்டுதான் மறைப்பு. அது வரும்வரை அவள் சொட்டுத் தண்ணீர் குடிப்பதில்லை, அக்னி நட்சத்திரத்திலும். இரண்டு தடவை நீர்க்கடுப்பு வந்து காய்ச்சலில் விழுந்தாள். மூன்றாவது தடவை வந்தால் சிறுநீரகம் தாங்காது, தண்ணீர் நிறையக் குடி என்றார் டாக்டர்.

"குடிக்கறதுக்கு இன்னாங்க, குடிச்சிடுவேன். குடிச்சுட்டு எங்க போறது?" என்று கேட்டாள்.

டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

மேற்கு ஜெர்மனியில் குரோன்ஸ்டால் என்று ஓர் ஊர். அங்கிருந்து ஆத்ம விசாரம் செய்ய வந்து, செங்கம் ரோட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்தார் மார்த்தா அம்மையார். ஒரு பௌர்ணமியன்று மலை சுற்றப் போனவருக்கு, அடி அண்ணாமலை தாண்டியதும் ஆத்மாவைவிட அவசரமான ஒரு விசாரம் வந்துவிட்டது. எட்டு மைல் சுற்றில் ஒரு கதவு இல்லை. அன்று பட்ட பாட்டை அவர் தன் ஊர் நகரசபைக்கு உருக்கமாக எழுதினார். குரோன்ஸ்டால் கண்ணீர் விட்டது. ஊரும் ஊரும் உறவு கொள்ளலாம், முதல் காரியமாகப் பெண்களுக்குக் கழிப்பறை கட்டலாம் என்று பதில் வந்தது. மார்த்தா அம்மையார் அதற்குள் மனம் மாறி ரிஷிகேசம் போய்விட்டார்.

உறவு கொள்ள ஆள் வேண்டுமே. ரைஸ்மில் முதலாளி சக்கரபாணியைத் தலைவராகவும், டுட்டோரியல் நடத்திவந்த அப்பாதுரையைச் செயலாளராகவும் கொண்டு 'நகர நல்லுறவு மன்றம்' உதித்தது. இருவரும் தன்னலமற்றவர்கள். தங்களுக்கென்று ஆளுக்கொரு மாலைக்கு மேல் எதிர்பார்க்கமாட்டார்கள். மாலை கட்டிக் கொண்டுபோவது ராணியம்மாள். தலைவருக்கு வாடின மாலை ஆகாது. அதனால் கூட்டம் முடியும்வரை ஓரமாக நின்று சொம்புத் தண்ணீரைத் தெளித்துக்கொண்டே இருப்பாள். மாலைகள் குடித்தன. அவள் குடிக்கவில்லை.

முதல் நெருக்கடி குரோன்ஸ்டால் அனுப்பிய வரைபடத்தில் வந்தது. அதன்படி கட்டினால் உள்ளே உட்காருகிறவர்களின் முகம் நேரே மலையைப் பார்த்திருக்கும். மலையே சிவன். சாமியைப் பார்த்துக்கொண்டு உட்காருவதா என்று ஓர் உறுப்பினர் காதைப் பொத்திக்கொண்டார். திருப்பிக் கட்டினால் சாமிக்கு முதுகு காட்டியதாகுமே என்றார் அப்பாதுரை. இப்படி மூன்று கூட்டங்கள் நடந்தன. மூன்றாவது கூட்டத்தில் ராணியம்மாளுக்கு அடிவயிறு கடுத்தது.

"எந்தப் பக்கம் பாத்து உக்கார வெச்சாலும் செரிங்க. கதவு தெறந்து இருந்தா போதும்" என்றாள்.

மன்றம் மனம்விட்டுச் சிரித்தது. குறிப்பேட்டில் அது ஏறவில்லை. மலைக்குப் பக்கவாட்டில், வடக்கு தெற்காகக் கட்டுவதென்று முடிவாயிற்று.

கட்டி முடித்தார்கள். நன்றாகவே கட்டினார்கள், அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். வெள்ளை ஓடு பதித்து, மாடியில் தொட்டி வைத்து, குழாய் திறந்தால் தண்ணீர் கொட்டியது. கொட்டியதைத் தலைவர் பார்த்தார், குழாயை மூடினார், கதவைச் சாத்தினார், திண்டுக்கல்லிலிருந்து வரவழைத்த கள்ளச்சாவிக்கு மசியாத ஏழு நெம்புப் பூட்டைப் போட்டார். திறப்பு விழாவுக்கு குரோன்ஸ்டாலிலிருந்து விருந்தினர்கள் வருவார்கள், அதுவரை 'சுகாதாரம் காக்கப்பட வேண்டும்' என்று தீர்மானம். சாவி தலைவரின் இடுப்பு பெல்ட்டில் தொங்கியது. பூட்டுக்கு முன்னால் இருபதடியில் கூடையோடு உட்கார்ந்து ராணியம்மாள் அதை எட்டு மாதம் பார்த்தாள்.

பக்கத்தில் வளையல் விற்கும் குர்ஷித் பேகமும் பார்த்தாள். "அக்கா, தாஜ்மகாலுக்குள்ளகூட ஜனங்கள உடறாங்க" என்றாள்.

இதற்கிடையில் குரோன்ஸ்டாலிலிருந்து ஒரு படிவம் வந்தது. அதில் 'மக்கள் பங்கேற்பு' என்று ஒரு கட்டம். அது என்ன பண்டம் என்று மன்றத்தில் யாருக்கும் தெரியவில்லை. ஒரு போட்டோ வைத்துவிடலாம் என்றார் அப்பாதுரை. ராணியம்மாளைப் பூட்டிய கதவுக்கு முன்னால் நிறுத்தினார்கள். மாலை நாலு மணி. விடியற்காலையிலிருந்து அவள் அடக்கிக்கொண்டிருந்தாள். ஸ்டுடியோக்காரர் தலையைத் தூக்கு, தாழ்த்து என்று பாடாய்ப் படுத்தினார். உதட்டை இறுக்கி, கண்ணைப் பாதி மூடி, மூச்சைப் பிடித்து நின்றாள். அந்தப் படத்தை குரோன்ஸ்டாலில் ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கி நகர மண்டபத்தில் மாட்டினார்களாம். கீழே எழுதியிருந்தது: 'கீழ்த்திசைப் பெண்ணின் உள்ளமைதி'.

ஆகஸ்டில் விருந்தினர்கள் வந்தார்கள். நாதஸ்வரம், பூரண கும்பம், ரிப்பன் எல்லாம் முறைப்படி. உள்ளே போய்ப் பார்த்த ஜெர்மன் நகரத் தலைவர், ஆசியாவிலேயே இவ்வளவு சுத்தமான பொதுக் கழிப்பறையைத் தான் கண்டதில்லை என்று கண்கலங்கினார். அவர் மனைவி ராணியம்மாளைப் படத்தில் கண்டவள் என்று அடையாளம் தெரிந்துகொண்டு கட்டிப்பிடித்தார். பிடித்த பிடியில் ராணியம்மாளுக்கு உயிர் போயிற்று.

"அம்மா, நான் ஒரு வாட்டி உள்ள போய்ட்டு வரட்டுங்களா?" என்று கேட்டாள்.

என்ன சொல்கிறாள் என்று அந்த அம்மாள் கேட்க, அப்பாதுரை இங்கிலீஷில் மொழிபெயர்த்தார்: தங்களைத் தரிசித்ததே போதும், இனி இந்தப் பிறவியில் வேறு எதுவும் தேவையில்லை என்கிறாள். அம்மாள் இன்னொரு முறை கட்டிப்பிடித்தார்.

கார்கள் நகர்ந்ததும் பூட்டு பழையபடி ஏறியது. விழாதான் முடிந்துவிட்டதே என்று ராணியம்மாள் தலைவரிடம் கேட்டாள். சக்கரபாணி பொறுமையாக விளக்கினார்.

"ஆசியாவுலயே சுத்தம்னு பேரு வாங்கியாச்சும்மா. இதுக்கப்புறம் ஜனங்க கையில குடுக்க முடியுமா?"

அவர் சொல்வதில் நியாயம் இல்லை என்று எப்படிச் சொல்வது? ஆட்டைக் கடித்து மாட்டைக் கடித்து ஆசியாவையே பிடித்தாகிவிட்டது. ராணியம்மாளுக்கு அழுகை வந்தது. அழுதால் தண்ணீர் தாகம் எடுக்கும் என்று அதையும் அடக்கிக்கொண்டாள்.

நல்லுறவின் அடுத்த கட்டம் 'பரிமாற்றம்'. கழிப்பறைப் பராமரிப்பை நேரில் கற்க மன்றத்தார் ஐந்து பேர் இருபத்தோரு நாள் குரோன்ஸ்டாலுக்கு வர வேண்டும். வரும்போது தங்கள் காட்சிசாலையில் வைக்க அந்த மாளிகையிலிருந்தே ஒரு சிறு பொருள் கொண்டுவர வேண்டும் என்று அழைப்பு வந்தது. என்ன பொருள்? ஓட்டைப் பெயர்த்தால் உடையும். குழாயைக் கழற்றினால் ஒழுகும். மாளிகையில் தினமும் உழைத்த பொருள் ஒன்றே ஒன்றுதான். புறப்படும் நாள் தலைவர் தன் கையாலேயே பூட்டைக் கழற்றிப் பட்டுத் துணியில் சுற்றினார். வேறு பூட்டைச் செயலாளர் போடுவார் என்று தலைவர் நினைத்தார். தலைவர் சொல்லாமல் பூட்டுப் போடுவது அத்துமீறல் என்று செயலாளர் நினைத்தார். மாலைகளோடு கார் ஏறிவிட்டார்கள்.

மத்தியானம் ராணியம்மாள் இரும்புக் கதவை ஒரு விரலால் தள்ளிப் பார்த்தாள். திறந்தது.

வெளியே வந்தவள் நேரே டீக்கடைக் குழாயடிக்குப் போய் ஒரு சொம்பு தண்ணீரை அண்ணாந்து முழுசாகக் குடித்தாள். இன்னொரு சொம்பு பிடித்துக் குடித்தாள். இதற்குப் போய் இவ்வளவு சந்தோஷமா என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. குர்ஷித் பேகம் வீட்டிலிருந்து துடைப்பமும் பினாயிலும் கொண்டுவந்தாள். பழக்காரிகள், முறுக்கு விற்கிறவர்கள், போளூர் பஸ்ஸுக்கு நிற்கிற வாத்தியாரம்மாக்கள், எல்லோரும் வந்தார்கள். ஆளுக்கொரு நாள் கழுவிவிடுவதென்று பேசிக்கொண்டார்கள். தீர்மானம் இல்லை, குறிப்பேடு இல்லை. தரை மட்டும் சுத்தமாக இருந்தது. இருபத்தோரு நாளும் ராணியம்மாள் பட்டப்பகலில் தண்ணீர் குடித்தாள். அடிவயிற்றுக் கடுப்பு ஒரு நாள்கூட எட்டிப் பார்க்கவில்லை.

இருபத்திரண்டாம் நாள் மன்றம் திரும்பி வந்தது. மாளிகை வாசலிலேயே வரவேற்பு. ராணியம்மாள் மாலையும் சொம்புமாக நின்றாள். மாலை கழுத்தில் விழுந்த பிறகுதான் தலைவர் கதவைக் கவனித்தார். உள்ளே எட்டிப் பார்த்தார். தரை ஈரமாக இருந்தது. முகம் கறுத்துவிட்டது. நின்ற இடத்திலேயே அவசரக் கூட்டம் கூடியது. அப்பாதுரை கண்டனத் தீர்மானத்தை வாசித்தார்:

"மன்றத்தார் ஊரில் இல்லாத சமயம் பார்த்து, பொதுக் கழிப்பறையைப் பொதுமக்கள் பயன்படுத்தியிருக்கிறார்கள்."

ஏகமனதாக நிறைவேறியது. பழையதைவிடப் பெரிய பூட்டு ஒன்று ஏற்கெனவே கடையிலிருந்து வந்துகொண்டிருந்தது.

ராணியம்மாள் ஒன்றே ஒன்று கேட்டாள். "ஏங்க, அந்த ஊருல இந்த மாதிரி இடத்துக்கெல்லாம் சாவி யாருகிட்ட இருக்குதுங்க?"

சக்கரபாணி இரக்கத்தோடு சிரித்தார். "அங்க பூட்டே கெடையாதும்மா. ஊரு பூரா தேடிப் பாத்துட்டேன். அதனாலதான் நம்ம பூட்ட கண்ணாடிப் பொட்டியில வெச்சு, ஜனங்க வரிசையில நின்னு பாக்கறாங்க. பூட்டத்தான் குடுத்தேன், சாவிய குடுக்கல. சாவிய குடுத்துட்டா நம்ம மரியாத இன்னா ஆவறது?"

எல்லோரும் கைதட்டினார்கள். புதுப் பூட்டு கொண்டியில் ஏறி 'டக்'கென்று விழுந்தது. ராணியம்மாள் கையிலிருந்த சொம்பைப் பார்த்தாள். இருபத்தோரு நாளாக அதிலிருந்துதான் குடித்தாள். தலைவருக்கு நேரே போய் நின்று, சொம்பு நிறையத் தண்ணீரையும் அவர் தலைவழியாக மாலைமேல் கவிழ்த்தாள்.

"மால வாடுதுங்க" என்றாள். "எனக்கு இனிமே இந்தத் தண்ணி எதுக்கு? இதையும் நீங்களே வெச்சுக்குங்க."

பரிமாற்றம் முடிந்ததற்கும் அதே படிவத்தை நிரப்பி அன்றே குரோன்ஸ்டாலுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. தண்ணீர் தெறித்த கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அப்பாதுரை பேனாவை எடுத்தார். போட்டோ எடுக்க நேரமில்லை. நல்லுறவின் சரித்திரத்திலேயே முதல் தடவையாக, அந்தக் கட்டத்தில் ஒரு நிஜம் ஏறியது:

மக்கள் பங்கேற்பு: ஒரு சொம்பு தண்ணீர்.