பெரியவர் வந்துட்டாரு

இருபத்தொரு கிலோமீட்டர் ஓடுவதாக லெஸ்லி ஒப்புக்கொண்டதற்கு ஒரு நெத்திலிதான் காரணம்.

அன்று சனிக்கிழமை. வீட்டு வாசலில் சிங்கப்பூரிலிருந்து வந்த ஓட்டக்குழு உட்கார்ந்து, லெஸ்லியின் மனைவி ஷர்மைன் தேங்காய்ப்பாலில் சோறாக்கி நெத்திலி பொரித்துப் போட்ட நாசி லெமாக்கில் பசியாறிக்கொண்டிருந்தது. குழுவின் தலைவி பிரவீனா, "கோச், அடுத்த மாசம் ஜேபியில அரை மாரத்தான். நாங்க எல்லாரும் ஓடறோம். நீங்களும்தானே?" என்று கேட்டாள். லெஸ்லியின் வாயில் அந்த நேரம் பார்த்து நெத்திலி. பேச முடியாமல் தலையை மட்டும் ஆட்டினார். 'இல்லை' என்றுதான் ஆட்டினார். நம் ஆட்கள் தலையாட்டினால் எது ஆமாம், எது இல்லை என்று கடவுளுக்கே தெரியாது. பிரவீனா கைதட்டினாள். எல்லாரும் கைதட்டினார்கள். உள்ளே போன ஷர்மைன் கைப்பேசியோடு திரும்பி வந்தாள்.

"பேர் குடுத்தாச்சுங்க."

லெஸ்லிக்கு நெத்திலி தொண்டையிலேயே நின்றது.

இதில் பயப்பட என்ன இருக்கிறது என்று கேட்கலாம். வாரா வாரம் கோத்தா திங்கி ஆற்றோரத்திலும் செம்பனைத் தோட்டத்திலும் விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு ஓடுகிறவர். 'லெஸ்லியின் இயற்கைக் காட்சி ஓட்டம்' என்று சட்டையிலேயே அச்சடித்திருக்கிறார். ஆனால் உலகத்தில் அவருக்கு மட்டுமே தெரிந்த உண்மை ஒன்று உண்டு. லெஸ்லியால் ஓட முடியாது.

ஒரு கிலோமீட்டர் ஓடுவார். அதற்குள் நாக்கு தள்ளிவிடும். அந்த இடத்தில் ஒரு காட்சி வரும். ஆற்று வளைவு வந்ததும் கையைத் தூக்கி, "முதலை இருக்கும். அசையாம நின்னு பாருங்க" என்பார். விருந்தாளிகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். லெஸ்லி மூச்சை வாங்கிக்கொண்டு நிற்பார். அடுத்த கிலோமீட்டரில், "இந்தத் தோட்டத்திலேயே வயசான மரம் இதுதான்" என்று ஒரு மரத்தைத் தடவிக் கொடுப்பார். அது வாரா வாரம் வேறு மரமாக இருக்கும். அதற்கும் அடுத்து, "கண்ண மூடி நல்லா மூச்ச இழுத்து விடுங்க, மண் வாசம் தெரியும்" என்பார். எல்லாரும் சேர்ந்து மூச்சு விடும்போது இரைப்பது யார் என்று யாருக்குத் தெரியப்போகிறது? இப்படியே எட்டு கிலோமீட்டர் காட்சியும் மூச்சுமாக ஓடிவிடும். வந்தவர்கள், இவ்வளவு ரசித்து ஓடுகிற மனிதரைப் பார்த்ததே இல்லை என்பார்கள்.

ஜேபி நகரத்துப் பந்தயத்தில் முதலை கிடையாது. வயசான மரமும் கிடையாது. தார்ச் சாலையில் எதைக் காட்டி நிற்பது? நின்றால் குட்டு வெளிப்படும். குட்டு வெளிப்பட்டால் சனிக்கிழமை போய்விடும். தம்போய் டவுனில் பிறந்து, இருபது வருடம் எல்லை தாண்டிச் சிங்கப்பூருக்குப் போய்ப் பிறருடைய பேச்சைக் கேட்டுக்கொண்டே வேலை பார்த்த மனிதரை, வாரத்தில் ஒரு காலையாவது பத்துப் பேர் 'கோச்' என்று கூப்பிடுகிறார்கள். அது போய்விடக் கூடாது என்று ஷர்மைனிடம் மெல்லப் பேச்செடுத்தார்.

"மாரத்தான்னு பேர் வச்சவன் சும்மாவா வச்சான்? மாரைத்தான் புடிக்கும். எனக்கு வேணாம்மா."

"ஓடினா மாருக்கு நல்லதுன்னு போன வாரம் நீங்கதானே எல்லார்கிட்டயும் சொன்னீங்க."

"அது விருந்தாளிங்களுக்குச் சொல்றது."

"மலாய்ல லாரின்னா ஓடறது. தமிழ்ல லாரின்னா வண்டி. நீங்க எந்த லாரியில போகப் போறீங்கன்னு எனக்குத் தெரியாதா? காலையில எழுந்து ஓடிப் பழகுங்க." அத்தோடு, பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்த கைக்கடிகாரத்தை எடுத்துக் கையில் மாட்டிவிட்டாள். அவர் எங்கே ஓடினாலும் அவள் கைப்பேசியில் ஒரு புள்ளி ஓடும். அவர் நின்றால் புள்ளியும் நிற்கும்.

லெஸ்லி யோசித்தார். ஓடுவதற்குத்தான் கால் வேண்டும், யோசிக்க மூளை போதும் என்பது அவருடைய கொள்கை. மூன்றாம் நாள் யோசனை வந்தது. பெரியவர்!

இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் யானையை யாரும் யானை என்று சொல்வதில்லை. பெயரைச் சொன்னால் கூப்பிட்டதாக நினைத்து வந்துவிடுமாம். அதனால் பெரியவர் என்பார்கள். 'பெரியவர் வந்திருக்காரு' என்று ஒரு வார்த்தை காதில் விழுந்தால் போதும், தோட்டமே கதவைச் சாத்திக்கொள்ளும். கல்யாணமான புதிதில் இதைக் கேட்டு டவுன்காரர் லெஸ்லி வாய்விட்டுச் சிரித்திருக்கிறார். ஒரு தடவை பெரியவர் தள்ளிவிட்டுப் போன செம்பனை மரத்தைப் பார்த்ததிலிருந்து, டிவியில் சர்க்கஸ் காட்டினால்கூட 'அதோ, பெரியவர்' என்றுதான் சொல்கிறார்.

பெரியவர் வந்தால் தோட்டத்தில் ஓட முடியாது. ஓடாவிட்டால் பயிற்சி இல்லை. பயிற்சி இல்லாமல் ஒரு மனிதன் எப்படிப் பந்தயத்துக்குப் போவான்? பிரவீனாவே பரிதாபப்படுவாள்.

ஷர்மைன் பாசாருக்குக் காய் வாங்கப் போன நேரம் பார்த்து, அடுப்படியிலிருந்த பெரிய குழம்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு ஆற்றோரம் போனார். ஈர மண்ணில் அழுத்தினார். வட்டமாக, ஆழமாக, பார்க்கவே பயமாக விழுந்தது. நான்கு வைத்தார். பெரியவருக்கு நான்கு கால்தானே! சட்டியைக் கழுவித் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு மனைவிக்காகக் காத்திருந்தார்.

"ஷர்மி, சத்தம் போடாத. பெரியவர் வந்திருக்காரு."

"அலமாக். எந்தப் பக்கம்?"

கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். ஷர்மைன் குனிந்து பார்த்தாள். நான்கையும் சுற்றி வந்து பார்த்தாள். பிறகு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். லெஸ்லிக்கு உள்ளுக்குள் ஒரே குளுகுளு. வீடு திரும்பும் வழியில் அவள் வேறு ஏதோ சொல்லிக்கொண்டு வந்தாள். சனிக்கிழமை, விடியக்காலை, சந்தி என்று என்னவோ. லெஸ்லி வெற்றிக் களிப்பில் 'ம்' கொட்டினார்.

மறுநாள் காலை கைப்பேசியைப் பார்த்தவருக்குக் களிப்பு போன இடம் தெரியவில்லை. ஓட்டக்குழுவின் வாட்ஸ்அப்பில் ஷர்மைன் காலடிப் படத்தைப் போட்டு, 'இந்தச் சனிக்கிழமை: பெரியவர் நடந்த பாதையில் கோச்சுடன் ஓட்டம்' என்று எழுதியிருந்தாள். வருகிறவர்கள் இரண்டு மடங்காகிவிட்டார்கள்.

"என்னம்மா பண்ணி வச்சிருக்க? ஆபத்துல்ல?"

"நீங்க இருக்கீங்களே. முதலைகிட்டயே கூட்டிட்டுப் போறவரு."

"முதலை வேற, பெரியவர் வேற."

"ஏன், பெரியவர் வரமாட்டாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

தெரியும் என்று எப்படிச் சொல்வது? எப்படியும் அது சட்டிதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், காலடிகளைக் காலால் தேய்த்து அழித்துவிடலாம் என்று தனியாக ஆற்றோரம் போனார். போனவர் அப்படியே நின்றுவிட்டார். அவர் வைத்தது நான்கு. அங்கே இருந்தது வரிசையாக, கரையேறி, செம்பனை மரங்களுக்கு நடுவே, குன்றுப் பக்கம் போய்க்கொண்டே இருந்தது. அவர் வைத்ததைவிட இன்னும் பெரிது, இன்னும் ஆழம்.

லெஸ்லி இரண்டடி பின்னால் வைத்தார். பேரைச் சொல்லாவிட்டால் என்ன, காலடியை வைத்துக் கூப்பிட்டிருக்கிறோமே என்று நினைத்தார். சட்டியை வைத்து விளையாடிய இடத்தில் பெரியவர் நிஜமாகவே வந்து நின்றிருக்கிறார். பின்னால் ஒரு மட்டை விழுந்தது. லெஸ்லி வீட்டுக்கு வந்து சேர்ந்த வேகத்தைப் பார்த்துத் தெரு நாய்களே ஒதுங்கி வழிவிட்டன.

யாரிடம் சொல்வது? காலடி புதிது என்று சொன்னால், பழையது யாருடையது என்று ஷர்மைன் கேட்பாள். அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை. ஜெபமாலையை எடுத்து உருட்டிக்கொண்டே படுத்தார்.

சனிக்கிழமை விடிந்தது. இருபது பேருக்கு மேல் வந்து நின்றார்கள். லெஸ்லி ஓட ஆரம்பித்தார். ஆற்று வளைவு வந்தது, நிற்கவில்லை. வயசான மரம் வந்தது, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நின்றால்தானே பயம்.

"கோச், இன்னிக்கு முதலை இல்லையா?" பிரவீனா பின்னாலிருந்து கேட்டாள்.

"லீவு" என்றார் லெஸ்லி.

குன்றுக்குக் கீழே, தோட்டத்தின் நட்டநடுவில், கைப்பேசி அடித்தது. ஷர்மைன். ரகசியக் குரல்.

"என்னங்க. பெரியவர் வந்துட்டாரு."

லெஸ்லி ஓடிக்கொண்டே சுற்றும்முற்றும் பார்த்தார். "எங்க?"

"உங்க பக்கந்தான் வராரு. குறுக்கு வழியில. ரொம்பக் கோவமா இருக்காரு."

"எ… எவ்வளவு கோவம்?"

"வர வழியெல்லாம் ஒடிச்சுப் போட்டுட்டு வராராம். குறுக்கு வழியில வந்துறாதீங்க. பழைய குடியிருப்புப் பக்கமா பெரிய வழியில சுத்தி ஓடியாங்க, பதினஞ்சு கிலோமீட்டர் ஆனாலும் பரவால்ல."

சொல்லி முடிக்கவில்லை, இடது பக்கம் செடிகள் சடசடவென்று ஒடிந்தன. எதையோ தரையில் இழுத்துக்கொண்டு வருகிற சத்தம் வேறு. லெஸ்லி பறந்தார். வழிகாட்டி என்றால் முன்னால்தானே ஓட வேண்டும்! அதில் அவரைக் குற்றம் சொல்ல முடியாது. யாரோ கரகரத்த குரலில் பின்னாலிருந்து கத்துவதுபோல் இருந்தது. பெரியவருக்குப் பேச்சு வருமா என்று யோசிக்கக்கூட அவர் நிற்கவில்லை. பழைய குடியிருப்பு வந்தது, போனது. பாலம் வந்தது, போனது. நெஞ்சு வெடித்துவிடும் என்று தோன்றியது. வெடித்தாலும் பரவாயில்லை, மிதிபடாமல் செத்தால் போதும் என்று ஓடினார். பின்னால் விருந்தாளிகள், "கோச் இன்னிக்கு வேற லெவல்லா" என்று மூச்சு வாங்கிக்கொண்டே சந்தோஷமாக ஓடிவந்தார்கள்.

வீட்டு வாசலில் வந்து விழுந்தபோது லெஸ்லிக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அந்த இருட்டுக்கு நடுவில் மங்கலாக ஓர் உருவம் தெரிந்தது. நாற்காலி நிறைய உட்கார்ந்து, கோப்பி குடித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு கட்டுக் கீரை. சுவரில் ஒரு காய்ந்த செம்பனை மட்டை சாத்தியிருந்தது.

"என்ன மாப்பிள்ளை" என்றது உருவம். "கூப்பிடக் கூப்பிட நிக்காம ஓடறீங்க?"

ஷர்மைனின் அப்பா கேப்ரியல். ஒரு காலத்தில் இதே தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்தவர். இப்போது பத்து பாகாட் என்ற ஊரில் மகன் வீட்டில் இருக்கிறார்.

"மகன் என்னைய ஒரு துணி லாரியில ஏத்தி விட்டான். சந்தியில இறங்கி நிக்கிறேன், நிக்கிறேன், கூட்டிட்டுப் போக ஒரு ஆளக் காணோம். கோவம் வராதா? சரின்னு குறுக்கு வழியில நடந்து வந்தேன். நல்ல பாக்குக் கீரை கெடந்துச்சு, ஒடிச்சிட்டே வந்தேன். பாம்பு இருந்தா ஓடட்டும்னு மட்டைய இழுத்துட்டு வந்தேன். பாம்பு ஓடல. நீங்கதான் ஓடினீங்க."

லெஸ்லி மெதுவாக மனைவி பக்கம் திரும்பினார்.

"பெரியவர்னு சொன்னியே?"

"அப்பாவுக்கு எழுபத்தாறு வயசு. பெரியவர்னு சொல்லாம சின்னவர்னா சொல்வாங்க? சந்திக்குப் போய்க் கூட்டிட்டு வாங்கன்னு அன்னிக்கே சொன்னேன். நீங்களும் 'ம்'னீங்க. இன்னிக்குப் பாத்தா நீங்க பாட்டுக்கு ஓடப் போயிட்டீங்க. அப்பா போன் பண்ணி சத்தம் போட்டாரு. உங்க புள்ளியும் அந்தப் பக்கமே போச்சு. அதான் சொன்னேன். இதுல எது பொய்?"

"அப்ப அந்தக் காலடி?" கேட்ட பிறகுதான் கேட்டிருக்கக் கூடாது என்று லெஸ்லிக்கு உறைத்தது.

ஷர்மைன் குரலைத் தாழ்த்தினாள். விருந்தாளிகள் முன்னால் புருஷன் மானத்தைக் காப்பாற்றுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை.

"என் குழம்புச் சட்டி அடியில ஒரு பக்கம் நசுங்கியிருக்கும். பெரியவருக்கு நாலு காலும் ஒரே பக்கம் நசுங்கியிருந்துச்சு. சரி, பாவம், வயசானவருன்னு விட்டுட்டேன். ஆனா நாலே காலடியோட நின்னா எப்படிங்க? அங்கிருந்து பறந்தா போவாரு? அதான் மாதா கோயில் பிரியாணிச் சட்டிய வாங்கிட்டு வந்து மிச்சத்த நான் வச்சேன்."

லெஸ்லி மெல்ல எழுந்து படியில் உட்கார்ந்தார்.

பிரவீனா ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக் கடிகாரத்தைப் பார்த்தாள். "கோச், இருபத்தொண்ணும் முடிஞ்சு மேலயே போயிருக்கு. ஒரு இடத்துல கூட நிக்கல. சும்மா சொல்லக் கூடாது, இத்தன நாள் எங்களுக்காகத்தான் மெதுவா ஓடியிருக்கீங்க." எல்லாரும் கைதட்டினார்கள். மாமனாரும் கோப்பியைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினார்.

லெஸ்லிக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. குட்டு உடையவில்லை, சனிக்கிழமை போகவில்லை. நிஜமாகவே ஓடியிருக்கிறோமே என்று முதல் முறையாகத் தன்மேலேயே ஒரு மரியாதை வந்தது. எப்படியோ பயம் விட்டுப் போயிற்று என்று நினைத்தபடி, விருந்தாளிகளுக்கு வைத்திருந்த தட்டிலிருந்து ஒரு நெத்திலியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். அந்த நேரம் பார்த்து ஷர்மைன் கைப்பேசியை நீட்டினாள்.

"பாத்தீங்களா, அரை உங்களுக்குப் பத்தல. அதனால முழு மாரத்தானுக்கு மாத்திட்டேன். நாப்பத்திரண்டு. சரிதானே?"

லெஸ்லி அவசர அவசரமாகத் தலையை ஆட்டினார். 'இல்லை' என்றுதான் ஆட்டினார். எல்லாரும் மறுபடியும் கைதட்டினார்கள்.

நெத்திலியை முழுசாக விழுங்கிவிட்டு, "செத்துருவேன்மா. என்னால எப்படி முடியும்?" என்றார்.

"பயப்படாதீங்க" என்றாள் ஷர்மைன், அப்பாவுக்கு இன்னொரு கோப்பி ஊற்றிக்கொண்டே. "ஓட்டம் முடியற வரைக்கும் பெரியவர் இங்கதான் தங்கப் போறாரு."