யாருடைய இரண்டு கோடு?

வகுப்பெடுக்கிறவர்களுக்கு என்று ஒரு வியாதி உண்டு. அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுத்ததையெல்லாம் தாங்களே செய்து முடித்துவிட்டதாக நினைத்துக்கொள்வார்கள். எனக்கு அது முற்றிப்போயிருந்தது.

கொரோனா சமயத்தில் பெங்களூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸாக இருந்தேன். டூட்டிக்குக் கிளம்புமுன் வீட்டிலேயே மூக்கில் குச்சி விட்டு டெஸ்ட் எடுத்து, அட்டையின் போட்டோவை வார்டு வாட்ஸப் குழுவில் போட வேண்டும். ஒரு கோடு என்றால் வேலைக்கு வரலாம். இரண்டு கோடு என்றால் கொரோனா, வீட்டிலேயே கிடக்க வேண்டும். இதை எல்லோருக்கும் கற்றுக்கொடுக்கும் பொறுப்பு என்னுடையது. முதலில் அட்டையில் பெயரை எழுதுங்கள், அப்புறம் மூக்கைத் தொடுங்கள் என்று தொண்டை வறளக் கத்துவேன். (அந்தக் குரலை இப்போது நினைத்தால் எனக்கே ஓர் அறை விடலாம் போலிருக்கிறது.)

அன்று என் நாத்தனார் சுதாவுக்கு, மர்பி டவுனில் அவள் மாமியார் வீட்டில் வளைகாப்பு. முடிந்ததும் அவளைப் பிரசவத்துக்காக ஈஜிபுராவில் இருந்த எங்கள் வீட்டுக்கு அழைத்து வருவதாக ஏற்பாடு. வாயும் வயிறுமாக இருக்கிற பெண்ணிடம் போகிறோம், டெஸ்ட் எடுக்காமல் யாரும் படி இறங்கக் கூடாது என்று பிடிவாதம் பிடித்தேன். என் மாமியார் பட்டுப்புடவையோடும், கணவர் பாதிச் சவரத்தோடும் மூக்கைக் காட்டினார்கள். மூன்று அட்டைகளையும் அடுப்பு மேடையில் வைத்தேன். பெயரா? இருப்பதே மூன்று பேர், எனக்குத் தெரியாதா?

அதற்குள் வார்டிலிருந்து போன். பேசிவிட்டு வந்தால் மேடை பளபளவென்று இருக்கிறது. புளிசாதப் பாத்திரத்தை வைக்க இடமில்லை என்று மாமியார் மூன்று அட்டைகளையும் ஓர் எவர்சில்வர் தட்டில் அள்ளிப் போட்டிருந்தார். இரண்டில் ஒரு கோடு. ஒன்றில் சந்தேகத்துக்கே இடமில்லாமல் இரண்டு.

கணவர் காபி டிகாஷனை மோந்து பார்த்துவிட்டு, வாசனை வருகிறது, ஆகவே நான் இல்லை என்று தீர்ப்பு சொன்னார். மாமியார் தன்னுடையது ஓரத்தில் இருந்தது என்றார். வட்டத் தட்டில் எல்லாமே ஓரம்தான். திரும்ப எடுத்துப் பார்க்க வீட்டில் வேறு டெஸ்ட் கிட்டும் இல்லை.

யாருடையதாக இருந்தாலும் மூன்று பேரும் ஒரே வீட்டில் இருக்கிறோம், யாரும் போகக் கூடாது, சுதாவும் இங்கே வரக் கூடாது என்றேன். சொன்னது சரிதான். சொல்கிற தகுதிதான் போய்விட்டிருந்தது.

"யாருதுன்னே உனக்குச் சொல்லத் தெரியல, ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கறே," என்றார் மாமியார். "என் பொண்ணு கைக்கு நான் வளையல் போட வேணாமா?"

கணவர் எனக்காக ஏதோ சொல்ல வாயெடுத்தார். "நீ சும்னே இரு" என்று பாதிக் கன்னடத்தில் ஓர் அதட்டல். சும்மா இருந்தார். அது அவருக்கு நன்றாக வரும்.

எனக்கு எரிச்சலில் அழுகையே வந்துவிட்டது. "அத்தை, நாளைக்கு அவளுக்கு ஏதாவது ஆச்சுன்னா அந்த வளையலைப் பாக்க முடியுமா நம்மளால?" என்றேன்.

வளையல் டப்பாவைப் பீரோவில் வைத்துப் பூட்டினார். பிறகு சம்பந்தியம்மாவுக்கு ஸ்பீக்கரில் போன் போட்டு, வீட்டில் கொரோனா, வர முடியாது என்றார். நர்ஸ் வேலைக்குப் போகிற மருமகள் கொண்டுவந்துவிட்டாளா என்று அந்தப் பக்கம் உடனே கேள்வி வந்தது.

"அவளுக்கு ஒண்ணும் இல்ல," என்றார் என் மாமியார். "எனக்குத்தான் வந்திருக்கு."

மறுநாள் மருத்துவமனையிலிருந்து வந்த கிட்டுகளில் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதினேன். இரண்டு கோடு எனக்கு. அன்றே காய்ச்சலும் வந்தது. மர்பி டவுனிலிருந்து பழக்கூடையும் வந்தது, மாமியாருக்கு. நான் உள்ளறையில் கஞ்சி குடித்துக்கொண்டு கிடக்க, அவர் வெளியே ஆரஞ்சு உரித்தபடி நலம் விசாரித்தவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். நடுநடுவே பொருத்தமாக இருமவும் செய்தார்.

சுதாவுக்கு மர்பி டவுனிலேயே சுகப்பிரசவம். அந்தக் குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறது. குடும்ப விசேஷம் எதுவானாலும், கொரோனாவிலிருந்து மீண்ட கதையை என் மாமியார் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். என் மானத்தைக் காப்பாற்றச் சொன்ன பொய்தான், நன்றி இல்லாமல் இல்லை. ஆனால் ஒவ்வொரு விசேஷத்துக்கும் அந்தக் கதையில் அவருடைய ஆக்சிஜன் அளவு கொஞ்சம் இறங்குகிறது. போன மாதம் பொறுக்க முடியாமல், அவ்வளவு இறங்கினால் யாராலும் உட்கார்ந்து பேசக்கூட முடியாது அத்தை என்று சொல்லிவிட்டேன்.

அவர் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "வந்தவங்களுக்குத்தாம்மா அந்தக் கஷ்டம் தெரியும்," என்றார் என்னிடம்.