நமுத்துப்போன பொரியும் என் முதல் கட்டுரையும்

"பம்புசெட்டுக்கே ஒழுங்கா கரண்டு வரல. நீ ஜவ்வுக்குள்ள கரண்டு தேடப் போறியாக்கும்?"

தஞ்சாவூரில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தபோது நன்னிலத்துச் சித்தப்பா என்னை இப்படித்தான் வாழ்த்தினார். எங்கள் குடும்பத்தில் முதல் ஆளாகப் படித்தவள் நான். அந்தக் கெத்தில் பஸ் ஏறினேன்.

மூச்சு விடுவதைக் குற்றமாகக் கருதிய ஒரே மனிதர் உலகத்திலேயே எங்கள் ஆய்வகத்தில்தான் இருந்தார். என் சீனியர். 'மூச்சு அண்ணன்' என்போம்.

ஜெலட்டினை மெல்லிய ஏடாக உலர்த்தி, அதில் மின்சாரம் எப்படிப் போகிறது என்று பார்ப்பது எங்கள் வேலை. செம்புக் கம்பியில் எலக்ட்ரான் பைபாஸில் போகிற பஸ். ஜெலட்டினில் மூலக்கூறுகள் தாறுமாறாகக் கிடப்பதால், மழையில் உடைந்த வரப்பில் போகிறவரைப் போலத் தாவித் தாவித்தான் போகவேண்டும். ஈரம் பட்டாலோ, அது மூச்சுக்காற்றின் ஈரமானாலும், தண்ணீரே குறுக்கே பாதை போட்டுவிடும்.

அதனால் தலைக்குக் குளித்து வந்தவர்களை அண்ணன் வாசலிலேயே நிறுத்துவார். ரசம் சாதத்துக்கு வராண்டாதான். ஈரப்பதம் காட்டும் கருவி பழுதானதும் மன்னார்குடியிலிருந்து ஒரு மூட்டை பொரி வாங்கி வந்தார். தட்டில் பரப்பிவைத்து, கொஞ்ச நேரம் கழித்து வாயில் போட்டுப் பார்ப்பார். மொறுமொறுவென்றிருந்தால் அளக்கலாம். நமுத்திருந்தால் லீவு. ஐப்பசி முழுக்க லீவு.

அந்த லீவை மதிக்காமல் நான் அளந்தேன். மின்சாரம் ஆறாகப் பாய்ந்தது! என் பேராசிரியை பூரித்துப்போனார். என் உதவித்தொகையை நீட்டிக்கலாமா என்று பார்க்க வந்த குழுவிடம் அதையே காட்டச் சொன்னார். நீட்டிக்காவிட்டால் நன்னிலம் பஸ்தான்.

குழுத் தலைவர் உள்ளே நுழைந்ததும் அண்ணன் பொரித்தட்டை நீட்டினார். அவர் பிரசாதம் என்று நினைத்து, கண்ணில் ஒற்றி வாயில் போட்டுக்கொண்டார்.

"எப்படி சார் இருக்கு?"

"நமுத்துப் போச்சே தம்பி."

"அப்ப இந்தப் பொண்ணோட ரீடிங்கும் தப்பு சார். அது ஜெலட்டின் இல்ல, மழை."

தலைவர் மெல்லுவதை நிறுத்தினார். "என்னம்மா இது?"

"நல்லா உலர வெச்சு, திரும்ப அளந்து காட்டறேன் சார்" என்றேன். தை வரை அவகாசம் கிடைத்தது.

அவர்கள் போனதும், "என் வயித்துல மண்ணள்ளிப் போட்டுட்டீங்களே அண்ணே!" என்று கத்தினேன்.

"கத்தாதம்மா. ஈரம் கூடுது."

ஏட்டை வெற்றிடப் பெட்டியில் உலர்த்தி அளந்தேன். மேட்டூரை மூடினாற்போல் எல்லாம் வற்றிவிட்டது. அழுகை வந்தது. ஆனால் அடியில் ஒரு சின்ன ஓட்டம் மிச்சமிருந்தது. சூடேற்றினால் கூடியது, ஆறவிட்டால் குறைந்தது. தாவும் எலக்ட்ரான் அப்படித்தான் செய்யும். இது மழையில்லை, ஜெலட்டினேதான்.

அன்றைக்கு அண்ணன் உள்ளே வரவில்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றபடி, "நீ அளம்மா. என் மூச்சு வேற எதுக்கு அங்க?" என்றார்.

தையில் குழு தலையசைத்து உதவித்தொகையை நீட்டித்தது. அண்ணன் இப்போது குத்தாலம் பக்கம் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறார். போன வாரம் போன் செய்து, ஆய்விதழுக்கு எழுதிய என் முதல் கட்டுரையில் என் பெயருக்கு அடுத்து அவர் பெயர் என்றேன்.

"கெடுத்தவன் பேரு எதுக்கும்மா?" என்று சிரித்தார்.

அவர் சிரித்து முடிப்பதற்குள் கட்டுரையை அனுப்பிவிட்டேன்.