எல்லையை ஒப்புக்கொள்ளாத கோவிந்தாக்கா

ஆந்திராவுக்கும் தமிழ்நாட்டுக்கும் நடுவே எல்லை என்று ஒன்று இருப்பதை இன்றுவரை ஒப்புக்கொள்ளாத ஒரே மனுஷி, ஆந்திரப் பக்கம் குடிபாலாவில் எங்கள் தெருக்கோடியில் இருக்கும் கோவிந்தாக்காதான்.

தொழில் கடத்தல். தமிழ்நாட்டு ரேஷன் அரிசியை இந்தப் பக்கம் கொண்டுவருவார். மஞ்சள் புடவை, வெறுங்கால், தலையில் மூட்டை. செக்போஸ்ட்டில் கேட்டால் திருப்பதிக்கு நடைவேண்டுதல் என்பார். வாரம் இரண்டு வேண்டுதலா என்று கான்ஸ்டபிள் தெலுங்கில் அலுத்துக்கொள்வார்.

"எனுக்குக் கஷ்டம் வாராவாரம் வருதே சார்."

பிறகு நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டார். அக்கா முன்னால் போவார். போலீஸைக் கண்டால் "கோவிந்தா" என்று கத்துவார். பின்னால் வருபவர்கள் மூட்டையை வழியிலுள்ள ஏரியில் போட்டுவிட்டு ஓட வேண்டும். புரட்டாசி முதல் சனிக்கிழமை நிஜமான யாத்திரைக் கூட்டமே கோவிந்தா போட்டுக்கொண்டு வந்தது. நான்கு மூட்டையும் தண்ணீரில். சுற்றுவட்டாரத்தில் ஒரு போலீஸ்கூட இல்லை. அன்று விழுந்த பெயர்தான் அது.

என் மகளைத் தூக்கிக்கொண்டு அவர் வாசல் பக்கமே போகமாட்டேன். படித்த குடும்பம் அல்லவா?

கொரோனாவில் ரோட்டை அடைத்தார்கள். மகளுக்கு அப்போது ஒரு வயது. அவளுடைய வலிப்பு மருந்து சித்தூரில் தீர்ந்துவிட்டது, வேலூரில்தான் உண்டு. பாட்டிலில் இரண்டு வேளைக்குத்தான் இருந்தது. கணவர் பாஸுக்கு மனு போட்டுவிட்டு போனையே பார்த்துக்கொண்டிருந்தார். சட்டத்தை மீறலாமா, மாட்டினால் அக்கா கதி என்ன என்று யோசித்தபடியே டாக்டர் சீட்டோடு அவர் வாசலில் போய் நின்றேன்.

"சீட்டக் குடு. நீ யோசிச்சிக்கினே இரு, நான் போய்ட்டு வந்துர்றேன்."

காலையில் போனவர் சாயங்காலம் வந்தார். முழங்கை முழுக்க முள் கீறல். ஈரத்துண்டில் சுற்றிய பாட்டிலை நீட்டினார். நான் பெயரைப் பார்த்தேன், மூடியின் சீல் உடையவில்லையே என்று பார்த்தேன், தேதியை இரண்டு தடவை பார்த்தேன்.

"பாரும்மா, நல்லாப் பாரு. கடத்தல் மருந்தாச்சே."

நான் இன்னும் லேபிளையே படித்துக்கொண்டிருந்தேன். அக்காவே குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு அளவாய் ஊற்றினார்.

கடத்தல்காரிக்குப் பரிந்து எழுதுகிறேன் என்பார்கள். எழுதுகிறேன்தான். எனக்குப் பொய் சொல்ல வராது. ஆனாலும் எந்த மாநிலத்துப் போலீஸ் வந்து கேட்டாலும், அன்று முழுக்க அக்கா எங்கள் வீட்டில்தான் இருந்தார்.