முக்கண்ணரும் ஒற்றை லென்ஸும்

புதுச்சேரியில் நடந்த எந்த விசேஷத்துக்கும் முக்கண்ணர் நேரத்துக்குப் போகாமல் இருந்ததில்லை. எதையும் உருப்படியாகப் படம் எடுத்ததும் இல்லை.

எங்கள் அலுவலகத்தில் அவர் என் பக்கத்து மேஜைக்காரர். சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் பியூனுக்குக்கூடத் தெரியாது. ஒரு கேமராவும் அதற்கு மூன்று லென்ஸ்களும் வைத்திருந்தார். அகலமாக எடுக்க ஒன்று, ஆளை எடுக்க ஒன்று, தூரத்தில் இருப்பதைக் கிட்டத்தில் காட்ட ஒன்று. அதனால் வந்த பட்டப்பெயர் அது. கேமராவில் எந்த லென்ஸ் மாட்டியிருக்கிறதோ அது மட்டும் அந்த நேரத்துக்கு உதவாது. அவர் ஜாதகம் அப்படி.

ஐம்பத்து நாலில் பிரெஞ்சுக் கொடி இறங்கியபோது தூரத்து லென்ஸைத் தேடிக்கொண்டிருந்தார். மாட்டி நிமிர்ந்தால் கம்பம் காலி. சரி என்று அதை எடுத்தார். கூட்டமும் சேர்ந்து விழட்டும் என்று அகல லென்ஸுக்கு மாறுவதற்குள் நம் கொடி ஏறி, மிட்டாயும் கொடுத்து முடித்துவிட்டார்கள். அந்த வெறும் கம்பத்தை அலுவலகம் முழுக்கக் காட்டினார்.

"இந்தப் படம் ஊர்ல வேற எவங்கிட்ட இருக்குது, சொல்லு பாப்பம்?"

யாரிடமும் இல்லைதான்.

வில்லியனூர் தேரில் அவருக்குக் கிடைத்தது தேர் போன பிறகு கலைந்த கூட்டத்தின் முதுகுகள். ரெட்டியார்பாளையத்தில் நடந்த என் கல்யாணத்தில் இன்னும் மோசம். நான் தாலியைக் கையில் எடுத்ததும், "இருங்க, இருங்க, லென்ஸ் மாத்திக்கறேன்" என்றார். மேளக்காரர்கள் காத்திருக்கவில்லை. முடிச்சுப் போட்டு நிமிர்ந்தேன்.

"தம்பி, இன்னொரு வாட்டி கட்டற மாரி கைய வச்சிக்க."

என் மாமனார் என் காதில், "அவரு உங்களுக்குச் சொந்தமா?" என்று கேட்டார். இல்லை, ஆபீஸ் என்றேன். அதற்குப் பிறகுதான் அவர் முகம் தெளிந்தது.

இதில் எல்லாம் பக்கத்திலேயே நின்றவர் முக்கண்ணரின் மனைவி தனம் அக்கா. லென்ஸ் பை அவர் தோளில்தான் தொங்கும். முக்கண்ணர் திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் பின்னால் நீட்டி, "பெருசு" என்பார். அக்கா பெரியதைக் கொடுத்துவிட்டுக் கழற்றியதை வாங்கி முந்தானையில் சுற்றிக்கொள்வார். தேரும் திருவிழாவும் அவர் பார்த்ததெல்லாம் அந்தப் பைக்குள்தான்.

அறுபத்தொன்றில் முக்கண்ணருக்கு மைசூரும் ஊட்டியும் போகும் ஆசை வந்தது. கல்யாணம் ஆனதிலிருந்து அக்காவைக் கடலூரைத் தாண்டி அழைத்துப் போனதில்லை. அக்கா சந்தோஷப்படுவார் என்று நினைத்தோம். அவரோ நிதானமாகச் சொன்னார்.

"ஊர் பாக்கன்னா வரேன். பை தூக்கறதுக்குன்னா வரல. ஒரே ஒரு கண்ணாடி எடுத்துக்கினா கூட வரேன், இல்லன்னா நீங்களே போயிட்டு வாங்க."

முக்கண்ணர் ஆடிப்போய்விட்டார். அக்கா சொன்னால் சொன்னதுதான். மூன்றில் எதை எடுப்பது, எதை விடுவது என்று அலுவலகத்தில் ஒவ்வொரு மேஜையாகப் போய்க் கேட்டார். அகலமானதை எடுத்தால் சாமுண்டி மலை எறும்புப் புற்றாகத் தெரியும். தூரத்து லென்ஸை எடுத்தால் அரண்மனையில் ஒரு ஜன்னல்தான் விழும்.

அந்தச் சமயத்தில் வந்தார் எங்கள் தெரு சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். பாரிசில் இருந்து புது மாதிரி லென்ஸ் ஒன்று கொண்டுவந்திருந்தார். குழாயை ஒரு பக்கம் இழுத்தால் தூரத்து ஆள் கிட்டே வருவார், மறுபக்கம் தள்ளினால் தெருவே உள்ளே வந்துவிடும். மூன்று லென்ஸ் வேலையையும் இது ஒன்றே செய்யும். கனம்தான் அம்மிக் குழவி மாதிரி. முக்கண்ணரைப் பிரெஞ்சு மரியாதையில் 'முசே' என்று கூப்பிட்டுச் சொன்னார்.

"முசே, இது எனக்குத் தூக்க முடியல. ஒங்க மூணையும் குடுத்துட்டு இத எடுத்துக்குங்க. மொதல்ல எடுத்துப் பாருங்க, அப்பறம் சொன்னா போதும்."

முக்கண்ணர் வீட்டுச் சுவரில் செய்தித்தாளை ஒட்டினார். இழுத்து ஒரு படம், தள்ளி ஒரு படம், பாதியில் நிறுத்தி ஒரு படம். கழுவி வந்ததும் என்னை வீட்டுக்குக் கூப்பிட்டு, பூதக்கண்ணாடியைக் கையில் கொடுத்தார்.

"நடுவுல எழுத்து பளிச்சுனு இருக்குது. ஓரத்துல பாரு, மங்குது. எல்லா வேலையும் செய்யுது தம்பி, ஒண்ணையும் முழுசா செய்யல. இத நம்பி என் மூணையும் எப்படிக் குடுப்பேன்?"

அவர் பக்கமும் நியாயம் இருந்தது. அந்த மூன்றும் மூலை வரைக்கும் துல்லியமாக எடுக்கும், எடுக்க நேரம் கிடைத்தால். காப்பி கொண்டுவந்த அக்கா கேட்டார்.

"ஓரந்தான மங்குது?"

"ஆமா."

"மங்கட்டும். நான் நடுவுல நின்னுக்கறேன்."

"நீயா?" என்றார் முக்கண்ணர்.

அப்படிக் கேட்டுவிட்டு எழுந்து போய் ஆல்பங்களை எல்லாம் எடுத்துவந்து புரட்டினார். நானும் புரட்டினேன். கம்பம் இருந்தது, முதுகுகள் இருந்தன. அக்கா எதிலும் இல்லை. ஒரு படத்தின் மூலையில் அவருடைய முழங்கையும் பைவாரும் விழுந்திருந்தன. முக்கண்ணர் அதை வெகுநேரம் பார்த்தார். எனக்கு அங்கே இருக்கக் கூச்சமாகி எழுந்து வந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் மூன்று லென்ஸும் சொல்தா வீட்டுக்குப் போயின.

பயணம் முடிந்து வந்ததும் படங்களைப் பார்க்க அலுவலகமே கூடியது. முதல் படத்தில் அக்கா, விறைப்பாக, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல். அடுத்ததிலும் அக்கா. அதற்கடுத்ததிலும்.

"மைசூர் அரண்மனை எங்கண்ணே?" என்றேன்.

"ஓரத்துல இருக்குது பாரு, மங்கலா."

பிருந்தாவனத்து நீரூற்று அக்காவின் தோளுக்குப் பின்னால் கொஞ்சம் எட்டிப் பார்த்தது. ஊட்டிப் படத்தில் ஊட்டியே இல்லை. குழாயைக் கடைசிவரை இழுத்து எடுத்திருக்கிறார். அக்கா வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார், தலைமுடி காற்றில் கலைந்து, இரண்டு கையும் சும்மா தொங்க.

"அவ்வளவு தூரம் போயி ஊட்டியில இன்னாதான்யா பாத்த?" என்று கேட்டார் மேலதிகாரி.

"இவ சிரிச்சா சார். பாத்தேன்."

அதற்குப் பிறகு அந்த மனிதரைக் கேலி செய்ய எனக்கு வாய் வரவில்லை. இத்தனை வருஷம் கழித்து இப்போது செய்கிறேன் என்றால், அவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க எனக்கு வேறு சாக்குக் கிடைக்கவில்லை.